நான்கு சன்னல்களும் ஒரு சரிகைக்கரை வேட்டியும்

மார்கழி மாதத்து விடியற்காலையில், பிள்ளை தூங்கும் அறையின் சன்னலைத் திறந்து வைக்க வேண்டுமா, மூடி வைக்க வேண்டுமா? ஒரு வருடமாக இந்தக் கேள்வியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். பதில் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நான் கல்லூரியில் புவியியல் படித்தவள். பகலில் கடலிலிருந்து கரைக்கும், இரவில் கரையிலிருந்து கடலுக்கும் காற்று வீசுவதை அம்புக்குறி போட்டுப் படம் வரைந்திருக்கிறேன். ஒரு பரீட்சையில் இரண்டு அம்புகளையும் திருப்பிப் போட்டுவிட்டேன். அதை இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தூத்துக்குடியில் எங்கள் வீடு ஒரு மொட்டைமாடி வீடு. கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் குடும்பமும். மேலே, மாடியின் நடுவில் தனியாகக் கட்டிய ஒரு பெரிய அறையில் நானும், கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் என் கணவரும், மூன்றரை வயது மகளும். சமையலுக்கு ஒரு தடுப்பு உண்டு. மற்றபடி ஒரே அறைதான். அதற்கு நான்கு பக்கமும் நான்கு சன்னல். வீடு பார்க்க வந்த அன்று அக்கா, "நாலு தெசையில இருந்தும் காத்து வரும்ளா" என்று பெருமையாகச் சொன்னார். அப்போது எனக்கு அது நல்ல செய்தியாக இருந்தது.

மாடியில் நின்று பார்த்தால் ஊரின் சங்கதி புரிந்துவிடும். கிழக்கே துறைமுகத்துக் கிரேன்கள், தெற்கே உப்பளம், மேற்கே லாரிகள் ஓடும் புறவழிச்சாலை, வடக்கே ஊர். காற்றைத் தடுக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊரிலேயே உயரமான இடம் ரயில்வே மேம்பாலம். அதற்கு அடுத்த உயரம் உப்புக் குவியல்கள். ஒரு மலை இருந்திருந்தால் இந்தப் பக்கக் காற்று நல்லது, அந்தப் பக்கக் காற்று கெட்டது என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். தோசைக்கல் மாதிரி ஊர் இருந்தால் எல்லாக் காற்றும் எல்லார் வீட்டுக்கும் வரும்.

போன மார்கழியில்தான் மகளுக்கு இருமல் தொடங்கியது. விடியும்போது நான்கைந்து தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் நான்கைந்து தடவை. இடைப்பட்ட நேரத்தில் நன்றாக ஓடி விளையாடுவாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "வீட்டை நல்ல காத்தோட்டமா வச்சிக்கோங்கம்மா. தூசி படாமப் பாத்துக்கோங்க" என்றார். நான் பவ்வியமாகத் தலையாட்டினேன். காற்றோட்டம் வேண்டுமென்றால் சன்னலைத் திறக்க வேண்டும், தூசி படக்கூடாதென்றால் மூட வேண்டும், இரண்டையும் ஒரே சன்னலில் எப்படிச் செய்வது என்ற சந்தேகம் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வந்தது.

வீட்டில் பேச்சு வேறு பக்கம் போனது.

"ஒரு ரெண்டு மாசம் ஒங்க அண்ணன் வீட்டுல விட்டுப் பாப்பமா?" என்றார் என் கணவர். அண்ணன் வீடு ஆழ்வார்திருநகரியில். பக்கத்திலேயே ஆறு, வாசலில் தென்னை. உப்பளமும் இல்லை, புறவழிச்சாலையும் இல்லை. அண்ணனுக்கும் மதினிக்கும் என் மகள் என்றால் உயிர். யோசனையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அதனால்தான் எனக்கு அது பிடிக்கவில்லை.

"ரெண்டு மாசம் பிள்ளை இல்லாம நான் இங்க என்ன செய்ய?"

"தூங்கு" என்றார்.

பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் காற்றைக் கண்டுபிடித்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

முதலில் கைபேசியில் ஒரு செயலி போட்டுப் பார்த்தேன். காற்று நன்றாக இருந்தால் பச்சை முகம் சிரிக்கும், மோசமாக இருந்தால் சிவப்பு முகம் உதட்டைப் பிதுக்கும். தெருமுனையில் யாரோ குப்பைக்குத் தீ வைத்து நாங்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தபோது அது பச்சையாகச் சிரித்தது. அந்தக் கணக்கு எடுக்கும் கருவி எங்கே இருக்கிறது, எங்கள் தெருவுக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் அணைக்கப் பயம். ஒரு நாள் அது சரியாகச் சொல்லிவிட்டால்? முகம் மாறும்போதெல்லாம் மணியடித்ததால், கைபேசியின் ஒலியையே நிறுத்தி வைத்தேன். இந்த ஒலியை நிறுத்திய விஷயம் பின்னால் வரும்.

சித்திரையில் எனக்கு வெள்ளைத்துணி யோசனை வந்தது. ஒவ்வொரு சன்னலுக்கும் வெளியே ஒரு வெள்ளைத்துணியை ஈரமாகக் கட்டி வைப்பது. எந்தத் துணி சீக்கிரம் அழுக்காகிறதோ அந்தச் சன்னலை மூடிவிட்டு, வெள்ளையாக இருக்கும் சன்னலைத் திறப்பது. இது விஞ்ஞானம் என்றே இப்போதும் நினைக்கிறேன். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஒரு பழைய வேட்டியை நான்காகக் கிழித்துக் கட்டினேன். நோட்டு ஒன்று வாங்கி கி, தெ, மே, வ என்று கட்டம் போட்டேன்.

முதலில் பார்த்தது வீட்டுக்கார அக்காதான்.

"ஏளா, என்ன இது? நாலு பக்கமும் வெள்ளக்கொடி கட்டிருக்க. சண்டையில தோத்துட்டியா?"

"காத்துல தூசி பாக்கேன்க்கா."

"தூசி வேணும்னா எங்கிட்ட கேக்கக் கூடாதா? எங்க வீட்டு ஃபேன் மேல கெடக்கு, அள்ளித் தாரேன்."

அடுத்துப் பார்த்தவர் என் கணவர். யார்டிலிருந்து வந்து பைக்கை நிறுத்தியவர் மேற்குச் சன்னலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே வந்து, ரொம்ப அமைதியாக, "அந்தத் துணியில சரிகைக் கரை போட்டிருக்கே" என்றார்.

அது பழைய வேட்டி இல்லை. கூட வேலை பார்ப்பவருக்குப் புன்னைக்காயலில் நடக்க இருந்த கல்யாணத்துக்கு உடுத்த வாங்கி, மடிப்புக் கலையாமல் வைத்திருந்த வேட்டி. உறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தது நான்தான். பூச்சி அரிக்குமோ என்று பயந்து. அந்தக் கல்யாணத்துக்கு அவர் பேன்ட் போட்டுக்கொண்டு போனார். அன்றிலிருந்து வீட்டில் வானிலைக்கு வேட்டி என்றே பேராகிவிட்டது. யார்டிலிருந்து போன் செய்தால், "மேற்கு வேட்டி எப்படி இருக்கு?" என்று கேட்பார். நானும் பதில் சொல்வேன்.

ஆனால் துணிகள் நிறைய சொல்லிக் கொடுத்தன. ஆனி, ஆடியில் மேற்குத் துணி அரை நாளில் செம்மண் நிறமாகிவிடும். மேற்கே மலைக் கணவாயில் நுழைந்து வரும் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொடுத்துவிட்டு, காய்ந்த காடு முழுக்க ஓடி, வழியில் தேரிக்காட்டுச் செம்மணலையும் வாரிக்கொண்டு எங்களிடம் வந்து சேரும். அவர்களுக்குக் குளியல், எங்களுக்குப் புழுதி. அந்த இரண்டு மாதமும் மேற்குச் சன்னலைத் திறக்கவேயில்லை. மகளுக்கு இருமல் குறைந்தது. நான் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

தெற்குத் துணி அழுக்காகாது. ஆனால் காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். ஏன் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மகள் நாக்கை நீட்டி நக்கிப் பார்த்துவிட்டு, "உப்பும்மா" என்றாள். நான் பதறிப்போய் அவள் வாயைக் கழுவி, டாக்டரிடம் போகலாமா என்று யோசித்து, பிறகு நோட்டில் 'தெ: உப்பு' என்று எழுதினேன். அதன்பிறகு அவள் தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, "இன்னைக்கு என்ன கலர் காத்து?" என்று கேட்பாள். மற்ற பிள்ளைகள் அந்த வயதில் பொம்மை கேட்கும்.

கிழக்குத் துணிதான் என்னை ஏமாற்றியது. கடற்காற்று சுத்தமான காற்று என்று நான் நம்பியிருந்தேன். மேலைக் காற்று ஓய்ந்து, ஆவணிக் கடைசியில் மதியத்துக்குமேல் கடற்காற்று எழும்போது கிழக்குச் சன்னலை முழுசாகத் திறந்துவிட்டு, பிள்ளையை அதன்முன் உட்காரவைப்பேன். துணியில் சாம்பல் நிறத்தில் லேசாக ஒரு படிவு வந்துகொண்டே இருந்தது. கடலில் யார் அடுப்பு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மாடியில் வற்றல் காயப்போட வந்த அக்காவிடம் புலம்பினேன்.

"கடக்காத்துல எப்படிக்கா பொகை வரும்?"

"காலம்பற ஊர்ப் பொகையெல்லாம் எங்கன போவுது?"

"கடலுக்கு."

"போனது அங்கனயே குடியிருக்குமா? மீன்புடிக்கிற லாஞ்சு மாதிரிதாம்ளா. விடியக்காலம் போயிட்டு பொழுதடைய கரைக்கு வந்துரும். மீனு இருக்காது, அவ்வளவுதான்."

நான் நோட்டை எடுத்து என் இரண்டு அம்புக்குறிகளையும் வரைந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. காலையில் நிலக்காற்று புகையைக் கடலுக்குத் தள்ளுகிறது, மதியம் கடற்காற்று அதே புகையைத் திருப்பிக் கொண்டுவருகிறது. மூன்று வருடம் படித்து, பட்டம் வாங்கி, அம்பை மட்டும் வரைந்தேனே தவிர, அம்பில் எது ஏறிப் போகிறது என்று யோசிக்கவேயில்லை. "நீங்க புவியியல் படிச்சிருக்கலாம்க்கா" என்றேன். "எனக்கு எதுக்குளா படிப்பு, நல்லாத்தான இருக்கேன்" என்று வற்றலைப் புரட்டிப்போட்டார்.

ஐப்பசி பிறந்து மழை தொடங்கியது. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து ஈரத்தோடு அடித்தது. ஊரே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு மட்டும் ஒரு கவலை. மழை துணியில் இருக்கும் தூசியையும் கழுவிவிட்டால் கணக்கு தப்பிவிடுமே. அதனால் நான்கு துணிகளையும் உள்பக்கமாக இழுத்து, சன்னல் கம்பியில் கட்டினேன். சாரல் வராமல் கதவை ஒருக்களித்து வைத்தேன். துணி காய்ந்தால் தூசி ஒட்டாது என்பதால் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். தெளிக்க மறந்த நாள் ஒன்றுகூட இல்லை. இதை இப்போது எழுதும்போதே கை கூசுகிறது.

ஒரு வாரத்தில் வடக்குத் துணியில் சின்னச்சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு கிழக்கில். பிறகு தெற்கில். கடைசியில் மேற்கிலும். பிள்ளைக்கு இருமல் போன மார்கழியைவிட அதிகமாகத் திரும்பி வந்தது. நோட்டில் நான்கு கட்டத்திலும் 'கறுப்பு' என்று எழுதிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நான்கு திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் கரி வருகிறது. இனித் திறப்பதற்குச் சன்னலே இல்லை.

அன்று மாலை என் கணவர் அண்ணனுக்குப் போன் செய்தார். "மச்சான், ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாரோம்" என்று அவர் சொன்னது கேட்டது. நான் ஒரே ஒரு தவணை கேட்டேன். சனிக்கிழமை டாக்டரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றேன்.

சனிக்கிழமை நான்கு துணிகளையும் நான்கு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, எந்தத் திசை என்று எழுதி, நோட்டோடு ஒரு பெரிய பையில் வைத்தேன். கணவர் யார்டிலிருந்து நேராக வருவதாக ஏற்பாடு. ஆட்டோ வாசலில் நின்று ஒலி எழுப்பிக்கொண்டிருந்தது. "நீ ஏறு, பிள்ளைய நான் தூக்கித் தாரேன்" என்று அக்கா மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மகள் செருப்பு வேண்டும் என்றாள். அக்கா செருப்பெடுக்கத் திரும்பினார். நான் உறைகளை எண்ணினேன். கி, தெ, மே, வ. எல்லாம் இருந்தது. "போங்க அண்ணாச்சி" என்றேன்.

மருத்துவமனையில் அரைமணி நேரம் காத்திருந்தேன். டாக்டரிடம் எதை முதலில் சொல்வது என்று நோட்டைப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மடியில் பை கனமாக இருந்தது. அந்தக் கனம் எனக்குப் பழகிய கனமாக இருந்ததோ என்னவோ. எங்கள் டோக்கனைக் கூப்பிடவும், கணவர் தலைக்கவசத்தோடு ஓடி வரவும் சரியாக இருந்தது. இருவரும் உள்ளே போனோம்.

நான் உறைகளை மேசையில் வரிசையாக வைத்தேன்.

"என்னம்மா இது?" என்றார் டாக்டர்.

"என் வேட்டி" என்றார் என் கணவர்.

நான் முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். ஆனி, ஆடி, தேரி மணல் எல்லாம் சொன்னேன். லாஞ்சு விஷயத்தையும் சொன்னேன். டாக்டர் உறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐப்பசிக்கு வந்து நான் மூச்சு வாங்கியபோது மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை எங்க?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் பையைப் பார்த்தேன். பைக்குள்ளே பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கைபேசியை எடுத்தால் அக்காவின் அழைப்புகள் திரை முழுக்க இருந்தன. ஒலியை நிறுத்தி வைத்திருந்தேனே. நான் அழவே ஆரம்பித்துவிட்டேன். நல்லவேளையாக அதற்குள் வெளியே அக்காவின் குரல் கேட்டது. ஸ்கூட்டியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். மகள் ஒரு கையில் பாதி கடித்த மக்ரூனோடு, காத்திருந்த அத்தனை பேரிடமும், "எங்க அம்மா என்னைய மறந்துட்டு வேட்டியக் கூட்டிட்டு வந்துட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"செருப்ப மாட்டிட்டு நிமிந்தா ஆட்டோவக் காணும்" என்றார் அக்கா டாக்டரிடம். "இவ காத்தப் பாத்துப் பாத்துப் பிள்ளையக் காத்துல விட்டுட்டா."

டாக்டர் மகளின் நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்துக் கேட்டார். பிறகு வடக்கு உறையைத் திறந்து மோந்து பார்த்து, சட்டென்று மூடிவிட்டார்.

"இத எங்கம்மா கட்டி வச்சிருந்தீங்க?"

"சன்னல் கம்பியில. உள்பக்கமா."

"ஈரமாவா?"

"தினமும் ரெண்டு வேளை தெளிப்பேன் டாக்டர்."

"பிள்ளை எங்க படுக்குது?"

"அதுக்குக் கீழ."

டாக்டர் உறையை என் பக்கம் தள்ளினார்.

"இது கரி இல்லம்மா. பூஞ்சை. மழைக்காலத்துல செருப்பு மேல படருமே, அதுதான். எந்தத் தெசையில இருந்தும் வரல. ஒங்க வீட்டுலயே வளத்திருக்கீங்க."

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அக்கா. அவர் சொல்லவேயில்லை. ஆனால் மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

மூன்று துணிகள் அன்றைக்கே குப்பைக்குப் போயின. மேற்குத் துணியை மட்டும், சரிகைக் கரைக்காக, அக்கா வெந்நீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்து, தன் கிரைண்டருக்கு மூடியாகப் போட்டிருக்கிறார். கீழே போகும்போதெல்லாம் என் கணவர் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பயணத்தை நிறுத்தினோம். மழை இல்லாத நேரமெல்லாம் சன்னல்களைத் திறந்து வைத்தேன். பத்து நாளில் இருமல் குறைந்து, கார்த்திகையில் நின்றேவிட்டது.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அடுத்த வாரம் மார்கழி பிறக்கிறது. போன மார்கழியில் ஈரத்துணி இல்லை, பூஞ்சை இல்லை. ஆனாலும் பிள்ளை இருமினாள். இந்த நோட்டில் மற்ற மாதங்களுக்கு எனக்கு ஒருமாதிரி விடை இருக்கிறது. ஆனி, ஆடியில் மேற்கை மூடு. வெயில் காலத்தில் தெற்கைத் திற, பிள்ளை நக்காமல் பார்த்துக்கொள். கடற்காற்று எழுந்ததும் கிழக்கைத் திறக்காதே, போன புகை வந்து இறங்கட்டும், கொஞ்சம் பொறு. மார்கழிப் பக்கம்தான் வெறுமையாக இருக்கிறது. அப்போது விடியற்காலையில் காற்றே இருக்காது. தரை குளிர்ந்து, அதன்மேல் குளிர்காற்று பாய் விரித்த மாதிரி படுத்துக்கொள்ளும். வெந்நீர் அடுப்பு, டீக்கடை, குப்பை எரிப்பது, லாரி எல்லாப் புகையும் அந்தப் பாய்க்கு அடியிலேயே கிடக்கும். வழிந்து இறங்கச் சரிவும் இல்லாத ஊர். சன்னலைத் திறந்தால் அது உள்ளே வரும். மூடினால் மூன்று பேர் மூச்சும் கொசுமருந்தும் உள்ளேயே சுற்றும்.

டாக்டரைக் கேட்டேன், "கொஞ்சம் திறந்து வைங்க" என்றார். கொஞ்சம் என்றால் எத்தனை விரல் என்று கேட்க வெட்கமாக இருந்தது. அக்கா, "மூடிட்டுப் படுளா" என்கிறார். என் கணவர், "தெறந்து போடு, எல்லாருக்கும் உள்ளது நமக்கும்" என்கிறார். பச்சை முகம் சிரிக்கிறது.

எங்கள் ஒப்பந்தம் இதுதான். போன வருடம் மாதிரி இருமல் வந்தால், தை முடியும்வரை பிள்ளை ஆழ்வார்திருநகரியில் இருப்பாள். மதினி கட்டில்கூட ஒதுக்கிவிட்டாராம். அங்கே ஒரு கன்றுக்குட்டி பிறந்திருக்கிறது என்று அண்ணன் போனில் சொன்னதிலிருந்து, மகள் தினமும் காலையில் என் முன்னால் வந்து நின்று இருமிக் காட்டுகிறாள். எது நிஜ இருமல் என்று கண்டுபிடிப்பது இப்போது எனக்குக் கூடுதல் வேலை.

ஆகவே, இந்தக் கடற்கரையில் சின்னப் பிள்ளையோடு மார்கழியைக் கடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள். திறந்தீர்களா, மூடினீர்களா? திறந்தீர்கள் என்றால் எந்தச் சன்னல், எத்தனை மணிக்கு, எத்தனை விரல்? உங்கள் பிள்ளை இருமினதா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். துணி கட்டச் சொல்லும் யோசனை மட்டும் வேண்டாம். என் கணவரிடம் இப்போது ஒரே ஒரு வேட்டிதான் இருக்கிறது, அதையும் யார்டில் பூட்டி வைத்திருக்கிறார்.